பந்தை யார் கொண்டு போவது?

குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்கு இன்னும் பத்து நாள்கள்தான் இருந்தன. மாலைப் பயிற்சியில் எங்கள் பள்ளி மாணவியர் கூடைப்பந்து அணியின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, துள்ளிப் பந்தைப் பிடித்து இறங்கும்போது இன்னொருத்தியின் காலை மிதித்துவிட்டாள். கணுக்கால் பிசகி, அரை மணி நேரத்தில் வீங்கிவிட்டது. அவள்தான் எங்கள் அணியின் பாயிண்ட் கார்டு. பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணியின் பக்கம் கொண்டு செல்வது முதல், யாருக்கு எப்போது பாஸ் கொடுப்பது என்று முடிவெடுப்பது வரை எல்லாம் அவள் கையில்தான் இருந்தது.

நான் கணித ஆசிரியை. மாணவியர் அணியுடன் போட்டிகளுக்குச் செல்லும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. மறுநாள் காலை அந்த மாணவியிடம் நான் கேட்ட முதல் கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது. "கிரேப் பேண்டேஜ் கட்டிக்கிட்டா விளையாடிடுவியாம்மா?" என்று கேட்டேன். அவள் உடனே தலையாட்டினாள். டீச்சர் கேட்டால் எந்தப் பிள்ளைதான் முடியாது என்று சொல்லும்?

பக்கத்தில் நின்ற உடற்கல்வி ஆசிரியர், "அவளை விட்டுடுங்க டீச்சர். மத்த பதினோரு பேர்கிட்ட கேளுங்க" என்றார். அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான் இந்தப் பாடம். இரண்டு பாடவேளை எடுத்துக்கொண்டேன். கரும்பலகையும் ஆளுக்கு ஒரு தாளும் போதுமானதாக இருந்தன.

முதல் படி: வேலையைப் பிரித்து எழுதுதல்

"அவளுக்குப் பதிலாக யார்?" என்று கேட்டபோது யாரும் வாய் திறக்கவில்லை. கேள்வியை மாற்றி, "அவள் என்னென்ன வேலை செய்கிறாள்?" என்றேன். பதில்கள் வரத் தொடங்கின. கரும்பலகையில் ஆறு வரிகள் சேர்ந்தன.

1. எதிரணி நெருக்கினாலும் எட்டு நொடிக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டு செல்லுதல்.
2. எந்த ஆட்டமுறை என்று கைச்சைகை காட்டித் தொடங்கி வைத்தல்.
3. ஆளில்லாமல் நிற்பவரைப் பார்த்துப் பாஸ் கொடுத்தல்.
4. எப்போது வேகம், எப்போது நிதானம் என்று முடிவெடுத்தல்.
5. எதிரணியின் பாயிண்ட் கார்டைத் தடுத்தல்.
6. கடைசி நிமிடத்தில் பதறாமல் பந்தைக் காத்தல்.

ஒருவர் என்று நாம் நினைத்திருந்தது உண்மையில் ஆறு வேலைகள் என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. ஆறையும் செய்யும் இன்னொருவர் கிடைப்பது அரிது. ஒவ்வொன்றையும் செய்யக்கூடியவர் அணிக்குள்ளேயே இருக்கலாம்.

இரண்டாம் படி: சிகாகோவின் கதை

அடுத்து, அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் நடந்த ஒரு நிகழ்வைச் சொன்னேன். சிகாகோ புல்ஸ் அணியின் பாயிண்ட் கார்டு டெரிக் ரோஸ். 2011இல், 22 வயதிலேயே, தொடரின் மிக மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றவர். அந்த வயதில் அவ்விருதை வேறு யாரும் பெற்றதில்லை. 2011-12 பருவத்தில் புல்ஸ் 66 ஆட்டங்களில் 50ஐ வென்று கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது.

2012 ஏப்ரல் 28 அன்று பிளே ஆஃப் சுற்றின் முதல் ஆட்டம் நடந்தது. எதிரணி எட்டாம் இடத்தில் இருந்த ஃபிலடெல்பியா. ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம்கூட இல்லை. புல்ஸ் 12 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. வெற்றி ஏறக்குறைய உறுதியான அந்த நேரத்திலும் ரோஸ் களத்தில் இருந்தார். துள்ளி நின்றபோது இடது முழங்காலில் ஏ.சி.எல். என்னும் தசைநார் கிழிந்தது. அந்த ஆட்டத்தில் வென்ற புல்ஸ், தொடரை 4-2 என்று இழந்தது.

இங்கே கதையை நிறுத்தி, "இப்போது நீங்கள்தான் பயிற்சியாளர். என்னென்ன வழிகள் இருக்கின்றன?" என்று கேட்டேன். நான்கு குழுக்கள் பத்து நிமிடம் பேசி ஐந்து வழிகளைச் சொன்னார்கள். ஐந்தையுமே புல்ஸ் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏதோ ஒரு வடிவில் சந்தித்தது என்றதும் வகுப்பில் உற்சாகம் கூடியது.

முதல் வழி: மாற்று வரிசையில் அடுத்து இருப்பவரை இறக்குவது. ஃபிலடெல்பியாவுக்கு எதிரான மற்ற ஆட்டங்களில் சி.ஜே. வாட்சன் ரோஸின் இடத்தில் ஆடினார். ஆறாவது ஆட்டத்தின் கடைசி நொடிகளில் புல்ஸ் ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. பந்துடன் ஓடிய வாட்சன் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல், ஃப்ரீ த்ரோவில் வலுவில்லாத ஓமர் ஆஷிக்குக்குப் பாஸ் கொடுத்தார். ஆஷிக்கைத் தவறான முறையில் தடுத்து நிறுத்தினார்கள். கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் ஆஷிக் தவறவிட்டார். மறுபக்கம் ஆண்ட்ரே இக்வடாலா இரண்டையும் போட்டார். 79-78, தொடர் முடிந்தது. சென்டராக ஆடும் ஜோக்கிம் நோவாவும் கணுக்கால் காயத்தால் அன்று ஆடவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். ஒரு பாஸின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிடக் கூடாது. ஆனால், கடைசி நிமிடத்தில் பந்து யாரிடம் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் வழி: அனுபவசாலியைக் கொண்டுவருவது. 2012 கோடையில், முன்பு ஏழு பருவங்கள் புல்ஸில் ஆடிய கிர்க் ஹைன்ரிக்கை மீண்டும் அழைத்தார்கள். அதிகப் புள்ளி எடுப்பவர் அல்லர். ஆனால் தடுப்பாட்டத்தில் உறுதியானவர், பந்தை வீணாக்காதவர்.

மூன்றாம் வழி: வேறு வகை ஆட்டக்காரரைப் பயன்படுத்துவது. ஐந்தடி ஒன்பது அங்குல உயரமே உள்ள நேட் ராபின்சனையும் சேர்த்தார்கள். நிதானம் குறைவு, வேகம் அதிகம். 2013 ஏப்ரலில் புரூக்ளின் அணிக்கு எதிராக 14 புள்ளிகள் பின்தங்கியிருந்தபோது, நான்காம் கால்பகுதியில் மட்டும் அவர் 23 புள்ளிகள் எடுத்தார். மூன்று கூடுதல் நேர ஆட்டங்களுக்குப் பிறகு புல்ஸ் 142-134 என்று வென்றது.

நான்காம் வழி: இளையவரை வளர்ப்பது. 2012இல் மார்க்விஸ் டீக் என்னும் 19 வயது வீரரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு அதிக நேரம் ஆட வாய்ப்பு கிடைக்கவில்லை. ஓர் இளையவரை நெருக்கடிக்குள் தள்ளுவதும், வளர்த்தெடுப்பதும் வேறு வேறு என்று இங்கே பேசலாம்.

ஐந்தாம் வழி: வேலையைப் பங்கிடுவது. ரோஸ் 2013இல் களம் திரும்பினார். பத்து ஆட்டங்களே ஆடிய நிலையில், நவம்பர் 22 அன்று வலது முழங்காலின் குருத்தெலும்பு கிழிந்து மீண்டும் வெளியேறினார். இம்முறை, டொராண்டோ அணி விடுவித்திருந்த டி.ஜே. அகஸ்டினைச் சேர்த்ததோடு, ஆட்டமுறையையும் மாற்றினார்கள். உயரமான சென்டர் நோவா ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தைப் பெற்று, வெட்டி ஓடுபவர்களுக்குப் பாஸ் கொடுத்தார். அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 5.4 பாஸ்கள் அவர் கையிலிருந்து நேரடியாகப் புள்ளிகளாயின. சென்டர்களிடம் அபூர்வமாகவே காணும் எண் இது. பாயிண்ட் கார்டின் வேலையில் பாதி, அணியின் மிக உயரமானவர்களில் ஒருவரிடம் போனது.

மூன்றாம் படி: எண்களைப் படித்தல்

கணித ஆசிரியர்களுக்கு இது நல்ல தரவு. கீழ்க்கண்ட எண்களைத் தந்து வெற்றி விழுக்காடு காணச் சொன்னேன்.

2011-12இல் ரோஸ் ஆடியவை 39, வெற்றி 32. விழுக்காடு 82.1.
அதே பருவத்தில் ரோஸ் ஆடாதவை 27, வெற்றி 18. விழுக்காடு 66.7.
2012-13, பருவம் முழுவதும் ரோஸ் இல்லை. ஆட்டங்கள் 82, வெற்றி 45. விழுக்காடு 54.9.
அதில் ஹைன்ரிக் ஆடியவை 60, வெற்றி 38. விழுக்காடு 63.3.
ஹைன்ரிக்கும் ஆடாதவை 22, வெற்றி 7. விழுக்காடு 31.8.
2013-14இல் 82 ஆட்டங்களில் வெற்றி 48. விழுக்காடு 58.5.

முதல் பார்வையில், "ரோஸ் இல்லைன்னா கஷ்டம்தான் டீச்சர்" என்றார்கள். அது உண்மைதான். நட்சத்திர ஆட்டக்காரர் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று பிள்ளைகளிடம் பொய் சொல்லத் தேவையில்லை. ஆனால் நான்காவது, ஐந்தாவது வரிகளைப் பார்த்த ஒரு மாணவி, "அதிகமா பாயிண்ட் எடுக்காதவர் இல்லாதப்பகூட இவ்வளவு குறையுதே" என்றாள். ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டுப் புள்ளிகூட எடுக்காத ஹைன்ரிக்கின் மதிப்பு, புள்ளிப்பட்டியலில் தெரியவில்லை. அவர் இல்லாத ஆட்டங்களில் தெரிந்தது.

இந்த எண்களை வைத்து அவசரமாக முடிவுக்கு வரக் கூடாது என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். 2012 கோடையில் வாட்சன், ஆஷிக், கைல் கோர்வர் எனப் பலர் புல்ஸை விட்டுச் சென்றார்கள். 2014 ஜனவரியில் லுவோல் டெங்கும் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். எனவே வேறுபாடு முழுவதற்கும் ஒருவரே காரணம் என்று சொல்ல முடியாது. "வேறு என்ன மாறியிருக்கலாம்?" என்ற கேள்வியை ஒவ்வொரு தரவுப் பாடத்திலும் கேட்கப் பழக்கினால், புள்ளியியல் பாடத்தின் பாதி நோக்கம் நிறைவேறிவிடும்.

ஆறாவது வழி

குழுக்கள் சொல்லாமல் விட்ட ஆறாவது வழி ஒன்று உண்டு. நான் முதல் நாள் காலையில் யோசித்தது அதைத்தான். காயம்பட்டவரையே சீக்கிரம் இறக்கிவிடுவது.

2012-13 பருவத்தின் பிற்பகுதியில், ரோஸ் ஆடலாம் என்று மருத்துவர்கள் அனுமதித்துவிட்டதாகச் செய்திகள் வந்தன. அணிக்கு அவர் தேவைப்பட்டார், விமர்சனங்களும் எழுந்தன. தன் கால்மீது தனக்கு நம்பிக்கை வராததால் அந்தப் பருவம் முழுவதும் அவர் இறங்கவில்லை. இதைச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அவரே ஒரு வருஷம் உக்காந்திருக்காரு. இவளை மட்டும் பத்து நாள்ல ஏன் டீச்சர் கேட்டீங்க?"

எனக்குப் பதில் இல்லை. "நான் கேட்டது தப்புதான்" என்று எல்லார் முன்னிலையிலும் அந்த மாணவியிடம் சொன்னேன். கட்டுப் போட்ட காலை முன்பெஞ்சில் நீட்டி உட்கார்ந்திருந்த அவள் முகத்தில் அப்போதுதான் இறுக்கம் தளர்ந்தது. முடியாது என்று சொல்ல அவளுக்கு அனுமதி தேவைப்பட்டிருக்கிறது.

பிசகிய கணுக்காலுக்கு முதலில் ஓய்வு, துணி சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், மிதமான கட்டு, காலை உயர்த்தி வைத்தல்; பிறகு மருத்துவர். வலியில்லாமல் ஓடவும், திடீரென்று நின்று திரும்பவும் முடியும்வரை களம் கூடாது. போட்டி நாள் இதை மாற்றாது.

நான்காம் படி: நம் அணிக்கு

கரும்பலகையின் ஆறு வேலைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அணியில் பொருத்தமானவர் பெயரை எழுதச் சொன்னேன். தாள்களை எண்ணியபோது நானும் உடற்கல்வி ஆசிரியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "பதறாமல் பந்தைக் காத்தல்" என்ற வேலைக்கு, பன்னிரண்டில் ஏழு தாள்களில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயர் இருந்தது. அதிகம் பேசாதவள், அந்த ஆண்டு அவளை ஓர் ஆட்டத்திலும் நாங்கள் இறக்கியதில்லை. நன்றாக ஆடும் ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. உடன் ஆடும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது.

மாணவிகளே திட்டம் எழுதினார்கள். இருவர் சேர்ந்து பந்தை மேலே கொண்டு செல்வது. உயரமான பத்தாம் வகுப்பு மாணவி ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்று பாஸ் கொடுப்பது. கடைசி நிமிடத்தில் பந்து எட்டாம் வகுப்பு மாணவியிடம் இருப்பது. காயம்பட்டவள் பெஞ்சில் அமர்ந்து, எதிரணியில் யார் களைத்திருக்கிறார் என்று கவனித்துச் சொல்வது.

முதல் ஆட்டத்தில் வென்றோம். இரண்டாவதில் தோற்றோம். அந்த இரண்டாம் ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பந்து திட்டமிட்டபடியே எட்டாம் வகுப்பு மாணவியிடம் இருந்தது. கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் ஒன்று விழுந்தது. ஒன்று வளையத்தில் பட்டு வெளியே போனது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. முடிவை எல்லாரும் சேர்ந்து எடுத்திருந்தார்கள்.

பிற வகுப்பறைகளில்

இந்தப் பாடத்துக்குக் கூடைப்பந்து மைதானம் தேவையில்லை. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு "பாயிண்ட் கார்டு" இருக்கிறார். வாசிப்புக் குழுவில் எப்போதும் வாசிக்கும் பிள்ளை, அறிவியல் சோதனையைச் செய்துகாட்டும் பிள்ளை, காலை வழிபாட்டுக் கூட்டத்தை நடத்தும் பிள்ளை. ஒருநாள் அந்தப் பிள்ளை வராவிட்டால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதை எளிமையாகச் செய்யலாம். குழுத் தலைவர் செய்யும் வேலைகளைப் பிள்ளைகளையே சொல்லச் செய்து, படங்களாக வரைந்து ஒட்டுங்கள். வாரம் ஒருநாள் தலைவருக்கு ஓய்வு கொடுத்து, அந்த வேலைகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள். உயர்நிலை வகுப்புகளில் மேலே கண்ட தரவுகளை விழுக்காடு, தரவு கையாளுதல் பாடங்களோடு இணைக்கலாம்.

அந்த மாணவி ஐந்து வாரங்களுக்குப் பிறகு பயிற்சிக்குத் திரும்பினாள். இப்போது பந்தைக் கொண்டு செல்ல எங்கள் அணியில் மூவர் இருக்கிறார்கள். முதல் நாள் பயிற்சி முடிந்ததும் அவள் என்னிடம் வந்து, "இப்ப கொஞ்சம் மூச்சு விட்டு ஆட முடியுது டீச்சர்" என்றாள். அவள் மூச்சுவிட நேரமில்லாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.