மருந்து ஏறிய மரமும் மதுரை வெயிலும்

காளவாசலிலிருந்து தேனி சாலையில் விராட்டிபத்து தாண்டிப் போனால் புது வீடுகளின் மொட்டை மாடிகளில் ஒரு மாற்றம் தெரியும். கீற்றுக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மரச் சட்டங்களால் பெர்கோலா நிற்கிறது. கூடவே ஊஞ்சல், தோட்டத்து இருக்கை, மரக் கேட். தேக்கு வாங்கிக் கட்டுப்படியாகாத குடும்பங்கள் 'ட்ரீட்மெண்ட்' செய்த பைனையோ சவுக்கையோ தைலமரத்தையோ வாங்குகின்றன. ஓரிரு மழைக்காலம் போனதும் சட்டம் முறுக்கிக்கொள்கிறது, காலின் அடி உளுத்துப்போகிறது, பெயிண்ட் பொக்களம் விட்டு உரிகிறது. உடனே மரத்தைத் திட்டுகிறார்கள், இல்லாவிட்டால் ஆசாரியைத் திட்டுகிறார்கள்.

பெரும்பாலும் தப்பு இரண்டிலும் இல்லை. மரத்துக்குள் மருந்து ஏற்றுவது ஒரு வேலை, அதைக் காயவைப்பது இன்னொரு வேலை. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடும் என்று நம்புவதில்தான் பணமும் மரமும் வீணாகின்றன. மரக்கடைகளிலும் வீடு கட்டும் இடங்களிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"இது வெளிநாட்டு முறை, நம்ம ஊருக்கு ஒத்து வராது."

உலகம் முழுவதும் மின்கம்பங்களையும் வேலிக் கால்களையும் வீட்டு முகப்புகளையும் எழுபது ஆண்டுக்கு மேலாகக் காத்துவந்த மருந்துக் கலவை பிறந்த இடம் டேராடூன். அங்குள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சோந்தி காமேசம் 1933-இல் அதை உருவாக்கினார். செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த அந்தக் கலவையை உலகம் சுருக்கமாக சி.சி.ஏ. என்கிறது. 'ஆஸ்கு' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. 1938-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

காமேசம் தீர்த்துவைத்தது நம் ஊருக்கே உரிய சிக்கலைத்தான். செம்பு பூஞ்சையைத் தடுக்கும், ஆர்சனிக் கரையானைக் கொல்லும் என்பது முன்பே தெரிந்த விஷயம். ஆனால் இந்த உப்புகளை நீரில் கரைத்து மரத்தில் ஏற்றினால் அடுத்த மழையே அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும். குரோமிய உப்பைச் சேர்த்தபோது அது மரத்தோடு வினைபுரிந்து மற்ற இரண்டையும் நாருக்குள்ளேயே பிணைத்து வைத்தது. கரையானும் பருவமழையும் சேர்ந்து தாக்கும் நாட்டில் யோசித்துச் செய்த மருந்து அது. நம் மண்ணுக்கு ஒத்து வராது என்று சொல்வது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம்.

"பச்சையா இருந்தா மருந்து ஏறினதுதான்."

செம்பு சேர்ந்த மருந்து மரத்துக்கு இளம்பச்சை நிறம் தரும் என்பது உண்மை. ஆனால் பச்சைச் சாயத்தில் முக்கி எடுத்தாலும் மரம் பச்சையாகத்தான் இருக்கும். பிரஷ்ஷால் தடவினாலும் தொட்டியில் சிறிது நேரம் முக்கினாலும் மருந்து ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது. உண்மையான பிரஷர் ட்ரீட்மெண்ட் நீண்ட இரும்பு உருளைக்குள் நடக்கிறது. மரத்தை உள்ளே வைத்து மூடி, காற்றை உறிஞ்சி எடுத்து, மருந்துக் கரைசலை நிரப்பி, சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோ என்ற அளவில் அழுத்தம் கொடுத்து மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

வாங்கும்போது சட்டத்தின் முனையை மட்டும் பார்க்காதீர்கள். முனை எப்போதும் நன்றாகக் குடித்திருக்கும். ஒரு சட்டத்தை நடுவில் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். குரோம் அசுரால் எஸ் என்ற கரைசலை அந்த அறுப்பில் தடவினால் செம்பு ஏறிய இடமெல்லாம் கருநீலமாகும். ஆலைகளில் செய்யும் எளிய சோதனை இது. இறக்குமதியான பைனில் ஹெச்-3, ஹெச்-4 என்ற முத்திரை இருந்தால், முன்னது தரைக்கு மேலே வெளிப்புறத்தில் பயன்படுத்துவதற்கு, பின்னது மண்ணில் ஊன்றுவதற்கு.

இதில் பலர் நம்ப மறுக்கும் இன்னொரு விஷயம் உண்டு. மருந்தைக் குடிப்பது மரத்தின் நடுவிலிருக்கும் வைரம் அல்ல, அதைச் சுற்றியிருக்கும் வெளிறிய வெள்ளைப் பகுதிதான். தேக்கின் வைரத்தில் எவ்வளவு அழுத்தினாலும் மருந்து ஏறாது. அதற்குத் தேவையும் இல்லை. விலை குறைந்த சவுக்குக் கம்பு பெரும்பாலும் வெள்ளைப் பகுதியாகவே இருப்பதால் மருந்தை நன்றாக உள்வாங்கும். கழித்துப் போடுகிற மரத்தை நெடுநாள் உழைக்க வைப்பதுதான் இந்த முறையின் அருமை. 'தேக்கு, அதுவும் ட்ரீட்மெண்ட் பண்ணினது' என்று கூடுதல் விலை கேட்டால், எந்தப் பகுதியில் ஏறியது என்று திருப்பிக் கேளுங்கள்.

"ட்ரீட்மெண்ட் ஆன மரம் காய்ஞ்சுதானே வரும்?"

இல்லை. மரம் நனைந்து வருகிறது. காய்ந்த பைன் ஒரு கன அடி ஏறக்குறைய 14 கிலோ இருக்கும். அது உருளைக்குள் 10 லிட்டருக்கு மேல் கரைசலைக் குடித்துவிட்டு வெளியே வருகிறது. அதில் மருந்து கொஞ்சம், மற்றதெல்லாம் தண்ணீர். ஆகவே மரம் இரண்டு தடவை காய வேண்டும். பச்சை மரத்தின் உள்ளறைகளில் ஏற்கெனவே நீர் இருந்தால் மருந்துக்கு இடம் இருக்காது என்பதால் ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை. ஏற்றிய பின் இன்னொரு தடவை. முதல் காய்ச்சலை ஆலை பார்த்துக்கொள்ளும். இரண்டாவதைச் செய்ய ஆள் இல்லாமல் ஈர மரம் நேராக நம் மாடிக்கு ஏறுகிறது.

ஈரம் வெளியேறும்போது மரம் நீளத்தில் சுருங்குவதே இல்லை எனலாம். அகலத்தில்தான் சுருங்கும், அதிலும் வளையங்களை ஒட்டிய திசையில் மற்ற திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். இந்த ஏற்றத்தாழ்வால்தான் பலகை குழிகிறது, முறுக்குகிறது. ஆறு அங்குலப் பைன் பலகையை ஈரத்தோடு பதித்தால் காய்ந்த பிறகு கால் அங்குலம் வரை அகலம் குறையலாம். ஈரமாகவே பதிக்க வேண்டிய நிலை வந்தால் பலகைகளை நெருக்கி வையுங்கள், இடைவெளி தானாக வரும். காய்ந்த பலகைக்கு நீங்கள்தான் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசியில் ஊதி ஒன்றையொன்று தள்ளும்.

குரோமியம் மருந்தைப் பிணைக்கும் வேலையும் உருளையிலேயே முடிந்துவிடுவதில்லை. நம் ஊர் வெப்பத்தில் அது விரைவாக நடந்தாலும் சில நாட்களாவது வேண்டும். அதற்குள் மழையில் நனைந்தால் மருந்து ஒழுகி மண்ணுக்குப் போகும். லாரியிலிருந்து இறக்கிய மரத்தைத் திறந்த வெளியில் போட்டுவைப்பது அதனால்தான் இரட்டை நஷ்டம்.

"சித்திரை வெயில்ல நாலு நாள் போட்டா சரியாயிரும்."

மதுரைக்காரருக்கு வெயில் மேல் இருக்கும் நம்பிக்கை பெரிது. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் மரம் காயாதா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. காயும். எப்படிக் காய்கிறது என்பதில்தான் கெடுதல்.

நேர் வெயிலில் கிடக்கும் பலகையின் மேல்தோல் ஒரே நாளில் காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்மரம் ஈரத்தால் இன்னும் உப்பியே இருப்பதால் தோலுக்குச் சுருங்க வழியில்லை, பிளந்துகொள்கிறது. அவசரத் தீயில் சுட்ட பணியாரம் வெளியே சிவந்து உள்ளே மாவாக இருப்பது போன்ற நிலை. அந்த வெடிப்புகள் மருந்து ஏறிய மேலடுக்கைத் தாண்டி உள்ளே போனால் கரையானுக்கு வாசல் திறந்தாகிவிட்டது. நம் சமவெளியில் பரவலாக இருக்கும் ஓடோன்டோடெர்மஸ் இனக் கரையான் மண்ணிலிருந்து மண்குழாய் கட்டி ஏறி வருவது. மருந்து படாத உள்மரத்தை அது தேடிக் கண்டுபிடித்துவிடும்.

மரம் காய நிழலும் காற்றும் வேண்டும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கல்லோ செங்கலோ வைத்து, அதன்மேல் பலகைகளை வரிசையாக அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இடையில் ஓர் அங்குல ரீப்பர் கட்டைகளை இரண்டடிக்கு ஒன்றாகக் குறுக்கே வையுங்கள். மேல்வரிசைக் கட்டை கீழ்வரிசைக் கட்டைக்கு நேர் மேலே வர வேண்டும், விலகினால் பலகை வளையும். மேலே தகரமோ கீற்றோ போட்டு, உச்சியில் கனமான கற்களை ஏற்றுங்கள். பக்கங்களைத் தார்ப்பாய் போட்டு மூடவே கூடாது. முனைகளில் ஈரம் வேகமாக ஓடிவிடும் என்பதால் அங்கே பெயிண்ட் அல்லது மெழுகு பூசுங்கள். பழைய ஆசாரிகள் பச்சை மரத்தின் முனைகளில் சாணி அப்பியது இதற்காகத்தான், அது வெறும் சடங்கு இல்லை.

எப்போது காய்ந்தது என்று தெரிந்துகொள்ளத் தராசே போதும். அடுக்கிலிருந்து ஒரே துண்டை வாரம் ஒரு முறை எடுத்து நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் ஊர்க் காற்றோடு மரம் சமநிலைக்கு வந்துவிட்டது. மதுரைக் கோடையில் அந்த நிலை சுமார் 8, 9 சதவீத ஈரத்தில் வரும், அடைமழைக் காலத்தில் 15-ஐத் தொடும். முள் குத்திப் பார்க்கும் ஈரமானி செம்பு உப்புகளால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், அதை மட்டும் நம்ப வேண்டாம். பெயிண்ட் அடிக்கலாமா என்று அறிய நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். உருண்டு நின்றால் பொறுங்கள், மரம் உறிஞ்சினால் அடிக்கலாம்.

மாசி, பங்குனியில் மரம் வாங்கி ஆடிக்குள் வேலையை முடிப்பது நம் ஊருக்குத் தோதான கணக்கு. புரட்டாசியில் வாங்கினால் வடகிழக்குப் பருவமழை குறுக்கே வந்துவிடும்.

"கண்மாயில ஊறப்போட்டா எந்தப் பூச்சியும் அண்டாது."

இதில் பாதி உண்மை, அந்தப் பாதிக்கு மரியாதை கொடுக்க வேண்டும். மூங்கிலிலும் மரத்தின் வெள்ளைப் பகுதியிலும் இருக்கும் மாவுச்சத்தைத் தேடித்தான் துளைக்கும் வண்டு வருகிறது. வாரக்கணக்கில் நீரில் ஊறினால் அந்தச் சத்து கரைந்து போகும், வண்டுக்கு இரை இருக்காது. ஆனால் கரையானுக்கு வேண்டியது மரத்தின் நாரே, அது ஊறிக் கரைவதில்லை. போராக்ஸ், போரிக் அமிலத்தில் ஊறவைத்த மூங்கிலும் கூரைக்கு அடியில் நன்றாக நிற்கும். மழை படும் இடத்தில் போரான் கழுவிப் போய்விடும்.

கழிவு ஆயில் தடவுவதைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. அது மேல்தோலோடு நின்றுவிடுகிறது, வண்டியிலிருந்து வந்த உலோகக் கசடு மண்ணுக்கும் கைக்கும் சேர்கிறது. ஈர மரத்தின்மேல் தார் பூசினாலோ, அது ஈரத்தை உள்ளே பூட்டி மரத்தை உளுக்க விடுகிறது.

"மருந்து ஏறிட்டா அறுத்துக்கலாம், ஆணி அடிச்சுக்கலாம், நட்டுக்கலாம்."

தடித்த சட்டத்தில் மருந்து சுற்றிலும் ஒரு அடுக்காகத்தான் இருக்கும். அறுத்த முனையில் மருந்து படாத நடுமரம் வெளியே வந்துவிடுகிறது. அளவையும் துளையையும் முதலிலேயே முடிவு செய்து ஆலைக்கு அனுப்புவது நல்லது. பிறகு வெட்ட நேர்ந்தால் காப்பர் நாப்தனேட் போன்ற வெட்டுமுனை மருந்தைத் தாராளமாகப் பூசுங்கள். வெட்டிய முனையை மட்டும் மண்ணுக்குள் விடாதீர்கள்.

செம்பு சேர்ந்த மரம் ஈரத்தில் சாதாரண இரும்பை அரிக்கும். ஆர்சனிக் இல்லாத புதிய மருந்துகளில் செம்பு அதிகம், அரிப்பும் அதிகம். ஜிப்சம் போர்டுக்கான கறுப்பு ஸ்க்ரூ வெளிப்புற வேலைக்கே ஆகாது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கிய ஜி.ஐ. அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். காலைச் சுற்றிக் கான்கிரீட் கிண்ணம் போலக் கட்டினால் தண்ணீர் அடியில் தேங்கும். அடியில் ஜல்லி, மேலே வெளிப்புறம் சரியும் வாட்டம் இரண்டும் வேண்டும். மொட்டை மாடியாக இருந்தால் மரம் தளத்தையே தொடாமல் இரும்புக் காலணியில் நிற்கட்டும்.

"துண்டுதுணுக்கு அடுப்புக்கு ஆகும்."

இந்த ஒன்றுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்றுகூடச் சொல்வேன். வீடு கட்டும் இடத்தில் மிஞ்சும் மரத்துண்டு நம் ஊரில் குப்பைக்குப் போவதில்லை. வெந்நீர் அடுப்புக்கும் டீக்கடைக்கும் விசேஷத்து விறகடுப்புக்கும் போகிறது. சி.சி.ஏ. ஏறிய மரத்தை எரித்தால் ஆர்சனிக்கின் ஒரு பகுதி புகையோடு போகும், மிச்சம் குரோமியத்தோடு சாம்பலில் செறியும். மரத்துக்குள் பிணைந்திருந்த நஞ்சு சாம்பலில் எளிதில் கரைகிற நிலைக்கு வந்துவிடுகிறது. அந்தச் சாம்பலால் பாத்திரம் துலக்குவதும் செடிக்குப் போடுவதும் நினைக்கவே அச்சம் தருகிறது.

இந்தக் கவலை உலகத்துக்கும் உண்டு. வீடுகளுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் சி.சி.ஏ. மரம் தயாரிப்பதை அமெரிக்க நிறுவனங்கள் 2003 டிசம்பர் 31-உடன் நிறுத்தின. கம்பங்கள் போன்ற வேலைகளுக்கு மருந்து தொடர்கிறது. ஆகவே வாங்கும்போது எந்த மருந்து என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். குழந்தைகளின் ஊஞ்சலுக்கும் மாடித்தோட்டத்துக் கீரைப் பாத்திக்கும் மாட்டுத் தொட்டிக்கும் ஆர்சனிக் கலந்த மரம் வேண்டாம். அறுக்கும் ஆசாரிக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், சாப்பிடும் முன் அவர் கைகழுவத் தண்ணீரும் சோப்பும் பக்கத்திலேயே இருக்கட்டும். மரத்தூளைக் கோழிக் கொட்டகையில் பரப்பக் கொடுக்காதீர்கள்.

துண்டுகளைத் தனிச் சாக்கில் கட்டி, மாநகராட்சி ஆட்களிடம் மருந்து மரம் என்று சொல்லிக் கொடுங்கள். விறகு பொறுக்க வருகிற அக்காவிடமும் சித்தாளிடமும் வேலை தொடங்கும் நாளிலேயே பேசிவிடுங்கள். வெறுமனே எடுக்காதே என்று விரட்டினால் நாம் கஞ்சத்தனம் பண்ணுவதாகத்தான் அவர்கள் நினைப்பார்கள். எதற்காக எரிக்கக்கூடாது என்று விளக்கி, மருந்து படாத சென்ட்ரிங் துண்டுகளை அவர்களுக்கென்று எடுத்துவையுங்கள்.