நன்மை தீமை அறிந்தது குற்றமா?

கேள்வி: என் மகள் படிவம் மூன்றில் படிக்கிறாள். நன்மை தீமை அறியும் கனியைத் தின்றதால்தான் மனிதன் வீழ்ந்தான் என்கிறாள் அவளுடைய கிறிஸ்தவத் தோழி. மரத்தடியில் அறிவு பெற்றதால்தான் புத்தர் விடுதலை அடைந்தார் என்று விசாக தினத்தன்று சீனத் தோழி சொன்னாளாம். “ஒருவருக்குப் பாவமானது இன்னொருவருக்கு எப்படி ஞானமாகும்? நன்னெறிக் கல்வியில் நல்லது கெட்டதைத் தெரிந்துகொள்ளத்தானே சொல்கிறார்கள்?” என்று கேட்கிறாள். நாங்கள் சைவர்கள். என்ன பதில் சொல்வது?
— ஒரு வாசகி, குளுவாங், ஜொகூர்

பதில்: ‘எல்லா மதமும் ஒன்றைத்தான் சொல்கிறது’ என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள், சகோதரி. அவை ஒன்றைச் சொல்லவில்லை.

முதலில் பைபிளின் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரம். அந்தக் கனி ஆப்பிள் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. தின்றதும் ஆதாம், ஏவாள் இருவருக்கும் தங்கள் நிர்வாணம் தெரிகிறது; வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறார்கள். கடவுள் விசாரித்தால் ஆதாம் ஏவாளைக் கைகாட்டுகிறான், ஏவாள் பாம்பைக் கைகாட்டுகிறாள். குற்றம் அறிந்ததில் இல்லை. கட்டளையை மீறியதில் இருக்கிறது. நன்மை தீமை தெரிந்துவிட்டது, தன் தவறை ஏற்கும் துணிவு மட்டும் வரவில்லை.

அந்தக் குற்றம் பரம்பரையாக எல்லோரையும் தொடர்கிறது என்ற ‘ஜென்மப் பாவ’க் கோட்பாட்டுக்கு அழுத்தமான வடிவம் தந்தவர் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த புனித அகுஸ்தினார் (354–430). அவருக்கு முன்பே, 2-ஆம் நூற்றாண்டில், புனித இரனேயு ஆதாமையும் ஏவாளையும் பக்குவப்படாத குழந்தைகளாகவே பார்த்தார். இதே கதையைத் தங்கள் வேதத்தில் வைத்திருக்கும் யூதர்கள் பரம்பரைப் பாவத்தை ஏற்பதில்லை. மகளுடன் படிக்கும் மலாய்ப் பிள்ளைகள் இஸ்லாமியக் கல்வி வகுப்பில் கற்பதோ இன்னொன்று: இருவருமே சறுக்கினார்கள், இருவருமே மன்னிப்புக் கேட்டார்கள், இறைவன் மன்னித்தான். அந்தக் குற்றம் அவர்களுடைய சந்ததியைத் தொடர்வதில்லை.

இனி புத்தர் ஞானம் பெற்ற புத்தகயா. போதி மரத்தடியில் சித்தார்த்தர் (புத்தர்) கண்டது நல்லது கெட்டதன் பட்டியல் அன்று. துன்பம் வேட்கையிலிருந்து எப்படிப் பிறக்கிறது, எப்படி அடங்குகிறது என்பதைக் கண்டார். ஆகவே ஆதியாகமக் கனிக்குப் பக்கத்தில் போதி மரத்தை வைத்தது பொருந்தாத ஒப்பீடு. பௌத்தத்தில் அதற்கு இணையான கதை வேறு. பௌத்த நூலான தீக நிகாயத்தின் அக்கஞ்ஞ சூத்திரத்தில் அது வருகிறது. ஒளியுடம்போடு திரிந்த உயிர்கள் இனிப்பான மண்ணை ருசி பார்க்கின்றன. ஆசை பிடிக்கிறது, உடல் தடிக்கிறது, ஒளி போகிறது. பிறகு பதுக்கல், திருட்டு, பொய், தண்டனை, கடைசியில் இவற்றை அடக்க ஓர் அரசன். இங்கும் ஒரு வாய் ருசியில்தான் எல்லாம் தொடங்குகிறது. ஆனால் கட்டளையும் இல்லை, கட்டளையிட்டவரும் இல்லை.

உங்கள் சைவ சித்தாந்தத்தில் வீழ்ச்சி என்ற சம்பவமே கிடையாது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் தந்த சிவஞானபோத மரபின்படி, செம்பில் களிம்பு போல ஆணவம் என்னும் மலம் உயிரோடு அநாதியாகவே ஒட்டியிருக்கிறது. உயிர் எந்தக் குற்றமும் செய்து அதில் மாட்டிக்கொள்ளவில்லை. நல்லது கெட்டது அறிந்து நடப்பது அவசியம்; அதுவே வீடுபேறு ஆகாது. நல்வினையும் பிறவி தரும் என்பதே சித்தாந்தம். மலம் பக்குவப்பட்டு, அருள் பதிந்தால்தான் விடுதலை.

ஆக, நோய்க்கு மூலம் எது என்பதிலேயே வேறுபாடு: கீழ்ப்படியாமை, சறுக்கல், வேட்கை, ஆணவம். மருந்தும் அதற்கேற்ப மாறுகிறது: மீட்பரின் கிருபை, மன்னிப்புக் கோரல், பயிற்சி, சிவனருள். நன்மை தீமை தெரிந்தால் மட்டும் போதாது என்பதில் மட்டும் இந்த நான்கு மதங்களுக்கும் உடன்பாடு.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: நன்னெறிக் கல்வி கற்றுத் தருவது முதல் படி, அதைக் கற்பதில் பாவம் எதுவும் இல்லை. தோழிகளோடு வாதாடுமுன் ஆதியாகமத்தின் அந்த ஒரு அதிகாரத்தை அவளே படிக்கட்டும். பத்து நிமிடம் போதும். தவறு செய்த அன்று, அடுத்தவரைக் கைகாட்டாமல் “நான்தான் செய்தேன்” என்று அவள் சொன்னால், நன்னெறிப் பாடத்தில் அவள் தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.