குதிக்கத் தெரிந்தால் கற்பிக்கவும் தெரியுமா?



சுவர் விட்டுச் சுவர் தாவும் வாலிபர்களின் வீடியோக்களை நம் பிள்ளைகள் செல்போனில் பார்க்கிறார்கள். இதற்குப் பார்கூர் என்று பெயர். பாய்ச்சல் மட்டும்தான் அவர்கள் கண்ணில் படுகிறது. அதன் பின்னால் உள்ள வருடக்கணக்கான பயிற்சி படுவதில்லை. எனவே, பார்கூர் பயிற்சியாளராக விரும்புவோர் எதைக் கற்கிறார்கள் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

தோற்றம்

பாரீஸுக்குத் தெற்கே எவ்ரி, லீஸ் என்னும் புறநகர்களில் வளர்ந்த இளைஞர்கள் இதை உருவாக்கினார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் பெல்லின் தந்தை தீயணைப்பு வீரர். ஆபத்தில் தப்பவும் பிறரைக் காக்கவும் உடலைப் பழக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. பிறருக்குப் பயன்படவே வலிமை என்ற கருத்தைப் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் ஹெபேரிடமிருந்து பெற்றார்கள். 2017 ஜனவரியில் பிரிட்டன் இதை ஒரு விளையாட்டாக அங்கீகரித்தது.

இரண்டு படிகள்

பயிற்சியாளர்களுக்கான 'அடாப்ட்' என்னும் சர்வதேசப் படிப்பு, பார்கூரைத் தொடங்கியவர்களில் சிலரின் துணையோடு லண்டனில் உருவானது. இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. முதல் நிலையில் தேறியவர் உதவிப் பயிற்சியாளர் மட்டுமே. மூத்தவரின் மேற்பார்வையில்தான் கற்பிக்கலாம். இரண்டாம் நிலையில் தேறியவரே தனியாக வகுப்பு நடத்தலாம். எவ்வளவு நன்றாகத் தாவினாலும், கற்பிக்கத் தெரியாதவருக்குத் தேர்ச்சி இல்லை.

கற்க வேண்டிய பாடங்கள்

1. முதலில் இறங்கப் பழகு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பவர் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறார். இரண்டு மீட்டரிலிருந்து என்றால் சுமார் 22. முழங்காலை விறைப்பாக வைத்தால் அந்த அடி முழுவதும் எலும்பிலும் மூட்டிலும் இறங்கும். முன்பாதத்தில் இறங்கி, முழங்காலை மடக்கினால் வேகம் சிறிது சிறிதாக அடங்கும். சத்தமில்லாமல் இறங்குவதே நல்ல இறக்கம்.

2. இடத்தைச் சோதி. கல் ஆடுகிறதா, பாசி பிடித்திருக்கிறதா, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும்.

3. தரையிலிருந்து தொடங்கு. தரையில் போட்ட கோட்டின்மீது பலமுறை பிசகாமல் குதித்து நிற்பவரே தாழ்ந்த சுவருக்குப் போகலாம். உயரம் கடைசியில்தான் வரும்.

4. அச்சத்தை மதி. "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லும் பிள்ளையைக் கேலி செய்யாமலும் தள்ளிவிடாமலும், அதற்கு ஏற்ற எளிய பயிற்சியைத் தருவதே பயிற்சியாளரின் வேலை. நண்பர்களின் கைதட்டலுக்காகக் குதிக்கத் துணிபவனைத் தடுத்து நிறுத்துவதும் அவர் பொறுப்பே.

நாம் கேட்க வேண்டியவை

பார்கூர் என்றில்லை; நீச்சல், கராத்தே, சிலம்பம் எதுவானாலும் பிள்ளையைச் சேர்க்கும் முன் கேளுங்கள்: எங்கே பயிற்சி பெற்றீர்கள்? முதலுதவி தெரியுமா? ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? பெற்றோர் வந்து பார்க்கலாமா?

நல்ல பயிற்சியாளர் இக்கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். வீடியோவைப் பார்த்து மொட்டை மாடியில் குதிக்க நினைக்கும் பிள்ளையிடம் வெறுமனே "கூடாது" என்று அதட்டுவதோடு நிறுத்தாதீர்கள். அந்த வீடியோவில் இருப்பவர் தரையில் கோடு போட்டுத்தான் தொடங்கினார் என்பதைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.