புல்லில் பனி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் புல் நனைந்திருக்கிறது. மழையில்லாமல் ஈரம் எப்படி?
– வாசகி, ராஜபாளையம்.

பதில்: திருப்பாவையின் 12-ஆம் பாசுரத்தில் தோழியர் தலையில் பனி விழ நிற்கிறார்கள். புல்லில் நீங்கள் காண்பதோ மேலிருந்து விழுந்ததல்ல. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கண்மாயும் வயலும் ஈரமாயிருக்கும் காலம் மார்கழி. வானம் தெளிந்த இரவில் புல் தன் வெப்பத்தை இழந்து, காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதைத் தொடும் காற்றின் நீராவி அங்கேயே நீராகிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ், கம்பளித் துணுக்குகளை இரவில் வெளியே வைத்து எடைபோட்டுப் பார்த்து, 1814-இல் இதை விளக்கினார். எவ்வளவு எளிய, அழகான சோதனை! மலைப்பக்கமிருந்து மேகம் வந்து மூடும் இரவுகளில் பனி குறைவதை நீங்களே கவனிக்கலாம். புல்நுனியில் தனியே நிற்கும் பெரிய துளி பெரும்பாலும் பனியல்ல. வேர் உறிஞ்சிய நீரைப் புல்லே வெளியேற்றியது.