முதியோர் உணவும் மருத்துவச் செலவும்

பொருளாதார நூல் பயிலும் மாணவர் ‘வருமானம்’ என்னுஞ் சொல்லைப் பலகாற் கேட்டிருப்பர். ஒருவர் மாதந்தோறும் பெறுந் தொகையே அவர் வருமானம் என்று எளிதிற் கூறிவிடலாம். ஆயின், அத்தொகை முழுவதும் அவர் உண்பதற்கு உதவுமோ என வினவின், விடை அத்துணை எளிதன்று. மாதம் ஆயிரம் பெறும் உடல்நலமுள்ள இளைஞன் ஒருவனையும், அதே ஆயிரம் பெறும் நோயுற்ற மூதாட்டி ஒருத்தியையும் எண்ணிப் பார்ப்போம். மூதாட்டியின் கையில், மருந்துக் கடைக்கும் பல் வைத்தியர்க்கும் கொடுத்தது போக எஞ்சியதே நிற்கும். இருவரும் ஒரே வருமானமுடையர் என்று கணக்கன் எழுதுவானாயின் எண் பிழைபடாது, நீதி பிழைபடும். இவ்வேறுபாட்டைச் சட்டத்தின் வாயிலாகக் கணக்கிற் கொணர்தற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டார் செய்துள்ள ஏற்பாடு ஒன்றனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், அவ்வுணவுதவியின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1939-ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் உணவு முத்திரைகள் முதன்முதலாக வழங்கப்பட்டன. வறியோர் தம் பணத்தைக் கொடுத்து ஆரஞ்சு நிற முத்திரைகளை வாங்குவர். அவற்றுள் ஒவ்வொரு டாலருக்கும் அரை டாலர் பெறுமான நீல முத்திரை இலவசமாகக் கிடைக்கும். நீல முத்திரையைக் கொண்டு, விளைச்சல் மிகுந்து தேங்கிய பண்டங்களை வாங்கலாம். இம்முறை 1943-இல் நின்றது. பின்னர், 1961-இல் கென்னடி தலைவராயிருந்த காலத்திற் சோதனையாக மீண்டுந் தொடங்கி, 1964-இல் ஜான்சன் காலத்திற் சட்டமாயிற்று. முத்திரைகளை விலைகொடுத்தே பெறவேண்டும் என்னும் நிபந்தனையை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. 2008-இல் இத்திட்டத்தின் பெயர் ‘ஸ்நாப்’ என மாறிற்று. இந்நாளிற் காகித முத்திரை இல்லை. வங்கி அட்டை போன்றதோர் அட்டையிலேயே மாதந்தோறும் தொகை சேர்கின்றது.

நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு 1977-ஆம் ஆண்டுச் சட்டமே வாயிலாயிற்று. அதற்கு முன்னர்க் குடும்பங்கள் தம் மருத்துவச் செலவை வருமானத்தினின்று கழித்துக் காட்டும் உரிமை பெற்றிருந்தன. கணக்கை எளிமையாக்க விரும்பிய சட்டசபையார் அவ்வுரிமையை எடுத்துவிட்டு, யாவர்க்கும் ஒரே அளவான பொதுக் கழிவை ஏற்படுத்தினர். கணக்கு எளிமையாயிற்று, ஆயினும் நோயாளரான முதியோர்க்கு உதவி குறைந்தது. ஆதலின் 1979-இல், முதியோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் மட்டும் அவ்வுரிமை திரும்ப அளிக்கப்பட்டது. அவர்தம் மருத்துவச் செலவு மாதம் 35 டாலருக்கு மேற்படுமாயின், மேற்பட்ட தொகை முழுவதையும் வருமானத்தினின்று கழித்துக்கொள்ளலாம் என்பதே விதி. முதியோர் எனப்படுவார் 60 வயது நிரம்பியோர். உடற்குறையுடையோர் எனப்படுவார், அக்காரணம் பற்றி அரசாங்க உதவித்தொகை முதலியன பெறுவோர். அக்குடும்பத்து ஏனையோரின் மருத்துவச் செலவு இக்கணக்கிற் சேராது.

இக்கழிவினால் விளையும் பயனைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். ஒரு குடும்பத்தார் தம் நிகர வருமானத்தில் நூற்றுக்கு 30 பங்கை உணவிற்குச் செலவிடுவர் எனச் சட்டம் கொள்கின்றது. உச்ச உதவித்தொகையினின்று அப்பங்கைக் கழிக்க வருவதே அவர் பெறுந் தொகை. 2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரையுள்ள ஆண்டில், தனித்து வாழும் ஒருவர்க்குரிய உச்சத்தொகை மாதம் 292 டாலர். பொதுக் கழிவு 204 டாலர். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். அவ்வாண்டில் மாதம் 1,200 டாலர் முதுமைத் தொகை பெற்றுத் தனித்து வாழ்ந்த கைம்பெண் ஒருத்திக்கு வீட்டு வாடகையும் விளக்கு முதலிய செலவும் 600 டாலர் எனக் கொள்வோம்.

மருத்துவச் செலவைக் காட்டாதபோது அவள் கணக்கு வருமாறு: 1,200-இல் 204 போக 996. வீட்டுச் செலவில், இத்தொகையின் பாதியாகிய 498-க்கு மேற்பட்டதைக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே 102 கழியும். நிகர வருமானம் 894. அதில் நூற்றுக்கு 30 பங்கு, பின்னத்தை முழுவெண்ணாக்க, 269. எனவே அவள் பெறும் உதவி 23 டாலர்.

இனி, அவளுக்கு மருந்துக்கு 75, கட்டிய பற்களுக்குத் தவணை 110, ஆஸ்பத்திரிக்குச் சென்றுவரும் வாடகை வண்டிக்கு 50, ஆக 235 டாலர் மாதந்தோறும் செலவாகின்றது என்றும், அதனை அவள் காட்டினாள் என்றும் கொள்வோம். 35 போக 200 கழியும். 996 என்பது 796 ஆகும். அதன் பாதி 398 ஆதலின், வீட்டுச் செலவில் 202 கழியும். நிகர வருமானம் 594. அதில் நூற்றுக்கு 30 பங்கு 179. உதவி 113 டாலர். அதே பெண், அதே வீடு, அதே நோய். ரசீதுகளைக் காட்டியதும் காட்டாததுமே வேற்றுமை. அவ்வேற்றுமை மாதம் 90 டாலர், ஆண்டிற்கு 1,080 டாலர் பெறுமான உணவாகின்றது.

200 டாலரில் நூற்றுக்கு 30 பங்கு 60 தானே, 90 எவ்வாறு வந்தது எனக் கூரிய மாணவர் வினவுவர். மருத்துவக் கழிவு வருமானத்தைக் குறைக்கின்றது. வருமானம் குறையவே அதன் பாதியும் குறைந்து, வீட்டுச் செலவுக் கழிவு மற்றும் 100 டாலர் உயர்கின்றது. இவ்வாறு ஒரு கழிவு மற்றொன்றனை ஈன்றமையால் 200 என்பது 300 ஆயிற்று. ஏனைக் குடும்பங்கட்கு வீட்டுச் செலவுக் கழிவிற்கு ஓர் உச்சவரம்பு உண்டு; முதியோரும் உடற்குறையுடையோரும் உள்ள குடும்பங்கட்கு அவ்வரம்பு இல்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

எவையெவை மருத்துவச் செலவாகும்? வைத்தியர்க்கும் பல் வைத்தியர்க்கும் கொடுப்பன, ஆஸ்பத்திரிச் செலவு, வைத்தியர் எழுதிக்கொடுத்த மருந்து, மூக்குக் கண்ணாடி, கட்டிய பற்கள், செவிக்கருவி, மருத்துவ இன்ஷூரன்ஸ் தொகை, பணியாள் கூலி, வைத்தியரிடஞ் சென்றுவரும் வழிச்செலவு ஆகியன சேரும். 1965-இல் ஏற்பட்ட ‘மெடிக்கேர்’ என்னும் முதியோர் மருத்துவ இன்ஷூரன்ஸின் மூலத்திட்டம், கட்டிய பற்களுக்கும் செவிக்கருவிக்கும் பொதுவாகப் பணங்கொடுப்பதில்லை. ஆதலின் இச்செலவுகள் முதியோர் தலைமேலேயே விழுகின்றன. பார்வையற்றோர்க்கு வழிகாட்டப் பயின்ற நாயின் தீனிச் செலவும் மருத்துவச் செலவாகவே கொள்ளப்படுகின்றது. உணவட்டையைக் கொண்டு நாய்த் தீனி வாங்கலாகாது. ஆயினும் அந்நாய் இன்றேல் அவர் வீதியில் நடத்தல் அரிது என்பதைச் சட்டம் உணர்ந்துள்ளது. மற்று, இன்ஷூரன்ஸ் திருப்பிக் கொடுத்த செலவு சேராது. வைத்தியர் ஒப்புதலின்றிக் கடையில் தாமே வாங்கிய மருந்தும், நோய்க்கென வாங்கிய தனியுணவும் சேரா.

இக்கழிவினால் யாவரும் பயன்பெறுவர் என்று யாம் கூறோம். முன்னரே உச்சத்தொகை பெறுவார்க்கு அதற்குமேல் ஏற்றம் இல்லை. ‘மெடிக்கெய்டு’ என்னும் வறியோர் மருத்துவ உதவியால் செலவு முழுவதும் தீர்ந்தோர்க்குக் கழிப்பதற்கு ஒன்றுமில்லை. இவ்விரு திறத்தாரையும் நீக்கிய பின்னும், இக்கழிவிற்கு உரியோருள் அதனைக் கேட்டுப் பெறுவோர் சிறு பகுதியினரே என்பது அந்நாட்டு ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்பிய செய்தி.

இங்கு ஆராயத்தக்க ஒன்றுண்டு. 35 டாலர் என்னும் எல்லை 1979 முதல் உயர்த்தப்படவில்லை. விலைவாசி உயர, உயராது நிற்கும் எண்கள் பெரும்பாலும் ஏழைக்குத் தீங்கே செய்யும். இவ்வெண்ணோ அவ்வாறன்று. அந்நாளிற் பெருந்தொகையாயிருந்த 35 டாலர் இந்நாளிற் சிலவகை மருந்துகளுக்கே போதாது. ஆகவே எல்லையைத் தாண்டுவோர் தொகை பெருகியே இருத்தல் வேண்டும். வாயில் அகன்றது; புகுவோரோ சிலரே. இதற்குக் காரணம் யாது?

இரண்டு காரணங்கள் நமக்குப் புலனாகின்றன. ஒன்று அறியாமை. உணவுதவிக்கு விண்ணப்பிக்கும் முதியவர் மருந்துக் கடை ரசீதை ஏன் எடுத்துச் செல்லப்போகிறார்? உணவு வேறு, மருந்து வேறு என்றே அவர் எண்ணுவார். மேசைக்கு அப்புறம் இருப்பவர் வினவாராயின், இப்புறம் இருப்பவர் சொல்லார். மற்றொன்று சான்றின் சுமை. ஒவ்வொரு செலவிற்கும் ரசீது வேண்டும். கண் மங்கி, கை நடுங்கி, நினைவு தளர்ந்தோர்க்கே இவ்வுரிமை அளிக்கப்பட்டுள்ளது. கூரிய கண்ணும் திடமான கையும் வழுவாத நினைவும் உடையோரே ரசீதுகளை மாதக்கணக்கிற் சேர்த்து வைக்க வல்லர். நோய் மிகுந்தோர்க்கே உரிமை மிகுதி. அவர்க்கே அதனைப் பெறும் ஆற்றல் குறைவு.

இக்குறையைச் சில மாநிலங்கள் உணர்ந்து, மத்திய அரசாங்கத்தின் அனுமதியோடு ஒரு மாற்றுமுறை கண்டுள்ளன. மாசச்சூசெட்ஸ் அவற்றுள் ஒன்று. செலவு மாதம் 35 டாலருக்கு மேல் என்று மட்டும் காட்டினாற் போதும். குறித்த ஒரு தொகை கழிக்கப்படும். உண்மைச் செலவு அதனினும் மிகுமாயின் அதனைக் காட்டி மிகுதியும் பெறலாம். மேலும், பொது விதிகளின்படியே, அலுவலகத்திற்கு வர இயலாதார் தொலைபேசி வாயிலாக விசாரிக்கப்படலாம். தம் சார்பில் விண்ணப்பிக்க நம்பிக்கைக்குரிய ஒருவரை நியமித்தலும் கூடும்.

நம் கல்லூரியினின்று வெளியேறும் மாணவர் பலர் மேசைக்கு அப்புறம் இருக்கும் நிலையை அடைவர்; எழுத்தராகவும் வைத்தியராகவும் மருந்தாளராகவும் அமர்வர். கடல்கடந்து அந்நாட்டிலேயே தொழில் புரியும் பழைய மாணவரும் இவ்வேட்டைப் படிக்கக்கூடும். அவர்க்கு யாம் கூறுவது இதுவே: சட்டம் நல்லதாயிருத்தல் மட்டும் போதாது, உரியவர்க்கு அதனை எடுத்துச் சொல்வார் வேண்டும். முதியவர் ஒருவர் உணவிற்கென விண்ணப்பம் எழுதத் துணை நாடி வருவாராயின், அவர் பெயரையும் வருமானத்தையும் கேட்டதோடு நில்லாது, ‘ஐயா, மருந்துக்கு மாதம் என்ன செலவாகிறது?’ என்று கேளுங்கள். வீட்டில் கிடக்கும் ரசீதுகளையும் எடுத்துவரச் சொல்லுங்கள். இக்கேள்விக்கு ஒரு நிமிஷம் போதும். யாம் மேலே காட்டிய கணக்கில் அஃது அக்கைம்பெண்ணிற்கு மாதம் 90 டாலர் உணவாயிற்று.