பிக்அப் வண்டியின் குலுக்கலைக் குறைக்கும் வழி

தக்காளிக் கூடைகளையும் நூல் சிப்பங்களையும் கொண்டுசெல்ல நம் அங்கத்தினர் பலர் பிக்அப் வண்டிகளை வைத்துள்ளனர். முழுச் சுமையுடன் அமைதியாகச் செல்லும் அதே வண்டி, சுமையை இறக்கிவிட்டுத் திரும்புகையில் ஓட்டுபவரின் இடுப்பு நோகக் குலுக்குகிறது. குறைந்த சுமை ஏற்றிய நாளிலோ, அடிக்கூடையிலுள்ள தக்காளி நசுங்கி, உழைப்பின் பயனில் ஒரு பகுதி வழியிலேயே போய்விடுகிறது. "பட்டையில் இரண்டைக் கழற்றிவிட்டால் சரியாகும்" என்று யோசனை கூறுவோர் உண்டு. அதற்கு இசையுமுன், குலுக்கலின் காரணத்தை அறிந்துகொள்ளுதல் நலம்.

காரணம் யாது?

இவ்வண்டிகளின் பின் அச்சின்மேல் பெரும்பாலும் இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில் அமைந்துள்ளது. கமான் பட்டை என வழங்குவது இதுவே. பெருஞ்சுமைக்கென அமைந்த இவ்வில், வெறும் வண்டியின் எடைக்கு அதிகம் அமிழ்வதில்லை. அமிழ்வு குறைந்தால் ஆட்டம் விரைவாகும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வில் அமிழ்ந்த அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது ஏறக்குறைய விளங்கும். சுமையுடன் 16 செ.மீ. அமிழ்ந்தால், 5-ஐ 4-ஆல் வகுக்க, நொடிக்கு ஒன்றேகால் ஆட்டம். இது மெதுவான நடையை ஒத்தது. வெறுமையாக 4 செ.மீ. மட்டுமே அமிழ்ந்தால் இரண்டரை ஆட்டம். ஆகவே, வெறும் வண்டி ஓரளவு குலுங்குவது அதன் இயல்பு. அதற்கு மேற்பட்ட குலுக்கலுக்குக் காரணம் கவனக்குறைவே. அதனை நாம் நீக்கலாம்.

செலவு குறைந்ததை முதலில் பார்ப்போம்

1. டயர்: டயரும் ஒரு வில்லே. தேவைக்கு மிஞ்சிய காற்று அதனைக் கல்லாக்கிவிடும். தயாரிப்பாளர் சுமைக்கும் வெறுமைக்கும் தனித்தனி அளவு குறித்திருப்பின், அதன்படி மாற்றுதல் வேண்டும். டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளக்க வேண்டும். குறித்த அளவிற்குக் கீழே இறக்கலாகாது. டயர் சூடேறி வெடிக்கக்கூடும். மீண்டும் சுமை ஏற்றுமுன் காற்றை உயர்த்த மறக்கக்கூடாது.

2. ஷாக் அப்சார்பர்: இது எடையைத் தாங்குவதன்று, ஆட்டத்தை அடக்குவது. உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்குண்டு செல்கையில், ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகக் கழிந்துவிடுகிறது. வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டுப் பார்க்க. ஓரிரு ஆட்டத்தில் நில்லாமல் தொடர்ந்து ஆடினாலும், வெளியே எண்ணெய் கசிந்திருந்தாலும் மாற்ற வேண்டும். ஓர் அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்றுக.

3. பட்டையும் புஷ்ஷும்: பட்டைகளுக்கிடையே துருவும் மண்ணும் சேர்ந்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று நழுவா. அப்போது சிறு மேடும் நேரே வண்டியைத் தாக்கும். பட்டைகளைச் சுத்தம் செய்வித்து, தேய்ந்த புஷ்களை மாற்றுக. கிரீஸ் இடுவது தயாரிப்பாளர் கூறியபடி இருக்கட்டும். சில வண்டிகளில் பட்டைகளுக்கிடையே பிளாஸ்டிக் தகடு உண்டு.

செய்யத் தகாதவை

பட்டையைக் கழற்றினால் குலுக்கல் குறைவது மெய்யே. ஆனால் அடுத்த முழுச் சுமையின்போது எஞ்சிய பட்டைகள் அளவுமீறி வளைந்து முறியக்கூடும். ஓடும் வண்டியில் பட்டை முறிந்தால் உயிருக்கே ஆபத்து. கூடுதல் சுமைக்காகப் பட்டை சேர்ப்பதும் தவறு; வில் மேலும் விறைத்துக் குலுக்கல் மிகும். என்றும் குறைந்த சுமையே ஏற்றுவோர், பெருஞ்சுமையில் மட்டும் துணைப்பட்டை வந்து தாங்கும்படி அமைந்த தகுந்த வில்லைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் கேட்டு அமைத்துக்கொள்ளலாம்.

சுமையைப் பின் அச்சுக்குப் பின்னால் குவிக்காமல் முன்னே பரப்பி, கூடைகள் அசையாதபடி கட்டுதலும் பயன் தரும். மாதம் ஒருமுறை இவற்றைப் பார்க்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி, சரக்கையும் ஓட்டுபவரின் உடலையும் ஒருங்கே காக்கும்.