உறைந்த கொம்பியூட்டருக்கு ஃபோமட் மருந்தல்ல

கேள்வி: கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் கொம்யூனிகேஷன் கடை நடத்துகிறேன். பின்னேரம் டியூஷன் பிள்ளைகள் பிரிண்ட் எடுக்க வரும் நேரம் பார்த்து கொம்பியூட்டர் இறுகி நிற்கிறது. 4 ஜி.பி. ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ஃபோமட் செய்தாலும் கொஞ்ச நாளில் பழையபடிதான். புதிது வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். எது நிரம்பி வழிகிறது என்று முதலில் பாருங்கள்.

விண்டோஸின் வேலை பங்கீடு. திறந்திருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் சி.பி.யு.வைச் சில மில்லிசெக்கன்கள் கொடுத்துவிட்டு, அதை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கிறது. ரேமையும் பங்கிடுகிறது. ரேம் போதாமல் போனால், அப்போதைக்குத் தேவைப்படாதவற்றை டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு மாற்றுகிறது. தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. வினை இங்கேதான். ஹார்ட் டிஸ்க் ரேமைவிடச் சுமார் ஒரு இலட்சம் மடங்கு தாமதமானது. ரேமுக்கு ஒரு செக்கன் என்றால், டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கும் மேல். குரோமில் பத்துப் பதினைந்து டேப், வாட்ஸ்அப், வேர்ட், அதன்மேல் ஸ்கேன் செய்த பெரிய பி.டி.எஃப். என்று சேர்ந்தால் 4 ஜி.பி. தாங்காது. ஒரு புரோகிராம் 5 செக்கன் பதில் தராவிட்டால், விண்டோஸ் அதன் தலைப்பில் ‘நொட் ரெஸ்பொண்டிங்’ என்று போடும். பெரும்பாலும் அது சாகவில்லை, டிஸ்க்கை எதிர்பார்த்து நிற்கிறது.

அடுத்த முறை இறுகினால், கேப்ஸ் லொக்கைத் தட்டுங்கள். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, ஓரிரு நிமிடம் பொறுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். மெமரி 90 வீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100இல் நின்றால் ரேம் பற்றாக்குறை. மெமரி குறைவாக இருந்தும் டிஸ்க் அடிக்கடி 100இல் நின்றால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். ‘டக் டக்’ என்ற சத்தமும் கேட்டால், வேறெதுவும் செய்யுமுன் ஃபைல்களைப் பிரதி எடுங்கள். அதிகம் தின்னும் புரோகிராமைத் தெரிவுசெய்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். சேமிக்காத வேலை போய்விடும் என்பதை மறக்காதீர்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது கடைசி வழி. டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் ஃபைல்கள் பழுதாகலாம்.

ஃபோமட் செய்தால் தேவையற்ற புரோகிராம்கள் போகும், ஆனால் ரேம் அதிகரிக்காது. டாஸ்க் மனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலில் வேண்டாதவற்றை நிறுத்தினாலே பாதிப் பயன் கிடைக்கும். பிறகு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுங்கள், ரேமை 8 ஜி.பி. ஆக்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போகுமுன் உங்களுடையது டி.டி.ஆர்.3ஆ, 4ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மற்றதன் இடத்தில் பொருந்தாது.

ஒன்றை மட்டும் யோசியுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. உங்கள் மெஷினில் விண்டோஸ் 11 ஏறாது என்றால், அதற்குச் செலவழிக்கும் காசைப் புதியதற்கே சேருங்கள். ஊராரின் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் உங்கள் கையால் ஸ்கேன் ஆகின்றன. வேகத்தைவிட அவற்றின் பாதுகாப்பு பெரிது.